யார் போட்ட சோறு?

2012 பிப்ரவரியில் செரம்பான் காற்பந்து ரசிகர்களுக்கு இரண்டு செய்திகள் வந்தன.

ஒன்று, ஓல்ட் டிராஃபோர்ட் திடலில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைட்டெட்டின் பாட்ரிஸ் எவ்ராவுக்குக் கை கொடுக்காமல் தாண்டிப் போனது. எவ்ராவின் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதற்காக இங்கிலாந்து காற்பந்துச் சங்கம் அதற்கு முந்தைய டிசம்பரில்தான் சுவாரெசுக்கு எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்திருந்தது. இன்னொன்று, மலேசியக் காற்பந்துச் சங்கம் 18 இளம் ஆட்டக்காரர்களை இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை தடை செய்தது. ஒரு பயிற்றுநருக்கு ஆயுள் தடை. குற்றம், கேலோங். காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்பதற்கு நம் ஊரில் அதுதான் பெயர். அந்தப் பையன்கள் நெகிரி செம்பிலானின் பியாலா பிரெசிடென் அணியில் ஆடியவர்கள். நம்ம மாநிலத்துப் பையன்கள்.

நான் அப்போது படிவம் மூன்று. தெமியாங் மாமாக் கடைகளில் முதல் செய்தியைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள். லிவர்பூல் சட்டை போட்ட அண்ணன்மார்கள் சுவாரெசுக்கு வக்கீலாகவே மாறியிருந்தார்கள். "அவங்க ஊர்ல அது சாதாரண வார்த்தை தம்பி, செல்லமா கூப்பிடறது." இதைச் சொன்னவர்களில் பலர் எவ்ராவைவிடக் கறுப்பு. வேலை இடத்தில் யாராவது 'கெலிங்' என்று வாய் தவறிச் சொன்னால்கூட மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்பவர்கள். இரண்டாவது செய்திக்குக் கிடைத்தது ஒரே வரி. "காசுக்கு வித்துட்டானுங்க லா." அவ்வளவுதான், தே தாரே ஆறுவதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது.

பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் கோடீஸ்வரனுக்கு வக்கீலாகவும், பக்கத்துத் தெருப் பையனுக்கு நீதிபதியாகவும் ஒரே ஆள் எப்படி இருக்க முடிகிறது? அன்புதான் காரணம் என்றால் பக்கத்தில் இருப்பவன்மீது அல்லவா அதிகம் இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியில் தொடங்கினால் அது ஆட்டக்காரனின் ஒழுக்கத்தோடு நிற்பதில்லை. கிளப்பின் முதலாளி, சங்கத்தின் நாற்காலி, கடைசியில் ரசிகன் என்பவன் யார் என்பது வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

1

நம்மூர் ரசிகன் கேலோங் என்ற சொல்லைக் கேட்டதும் கொதிப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1994, 1995-இல் மலேசியக் காற்பந்தின் பெரிய ஊழல் வெளியே வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர்கள், பயிற்றுநர்கள் என்று 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சிலரை 1933-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட வசிப்பிடச் சட்டத்தின் கீழ் வேறு மாவட்டங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். வெள்ளைக்காரன் போட்ட சட்டம், பந்து விளையாடுபவனுக்கு ஊர்விலக்கம்! எங்கள் அப்பா தலைமுறையில் பலர் உள்ளூர்த் திடலுக்குப் போவதை நிறுத்தியது அந்தக் காலத்தில்தான். 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. திடலுக்குப் போன கால்கள் வீட்டு நாற்காலிக்கும், நெஞ்சு இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தன.

அவர்களைத் திரும்ப இழுத்து வந்தது 2009. அந்த ஆண்டு நெகிரி செம்பிலான் கிளாந்தானை 3-1 என்று தோற்கடித்து மலேசியக் கிண்ணத்தை எடுத்தது. அதற்கு முன் எடுத்தது 1948-இல். 61 வருஷம்! அந்த அணியில் எஸ். குணாளன் வலப்பக்கம் ஓடும்போது செரம்பான் தமிழர்கள் வீட்டில் இருந்தபடியே கூட ஓடினார்கள். 2011-இல் திரெங்கானுவை 2-1 என்று வென்று கிண்ணம் மறுபடியும் வந்தது. பாரோய் திடலில் 'ஹோபின் ஜாங் ஹோபின்' என்ற கூச்சல் தெமியாங் வரைக்கும் கேட்கும் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம். அதற்கு நாலு மாதத்தில் அந்த 18 பேர் செய்தி. அப்பாக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு தடவை ஏமாந்து, பதினஞ்சு வருஷம் விலகி இருந்து, மறுபடி நம்பி வந்தவர்கள். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் கோபம் எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நான் செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு கோளாறு நடந்தால் அறிக்கையில் முதலில் எழுதப்படும் காரணம் 'இயக்குபவரின் தவறு' என்பதுதான். அது பெரும்பாலும் பொய்யும் இல்லை. அந்த ஆள் பொத்தானை அழுத்தியது உண்மை. ஆனால் அதோடு அறிக்கையை மூடினால் அடுத்த மாதம் வேறொரு ஆள் அதே பொத்தானை அழுத்துவான். ஏன் அந்தப் பொத்தான் அங்கே இருந்தது, யார் அவனுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் போட்டது, எச்சரிக்கை விளக்கு எரியாமல் எத்தனை நாள் ஆச்சு என்று மேலே மேலே கேட்டுக்கொண்டே போகணும். மேலே போகப் போகக் கேள்வி கேட்பவனுக்குத் தைரியம் குறையும். அதனால்தான் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அந்த 18 பேருக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு, ஒழுங்காக வந்ததா, தரகன் எந்த வழியாக அவர்களிடம் வந்தான் என்று மாமாக் கடையில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் குற்றம் கழுவப்பட்டுவிடும் என்று பயமாக இருக்கலாம். அப்படிக் கழுவப்படாது. விற்றவன் விற்றவன்தான். சுவாரெஸ் சொன்ன வார்த்தையும் சுவாரெஸ் வாயிலிருந்து வந்ததுதான், அவனுக்கு எந்த முதலாளியும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆட்டக்காரனின் பொறுப்பு ஒரு தட்டில் இருக்கட்டும். இன்னொரு தட்டைக் காலியாக விட்டுவிட்டுத் தராசு சரியாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்பதுதான் என் கட்சி.

2

அப்படியென்றால் சுவாரெசுக்கு ஏன் அத்தனை வக்கீல்கள்? விசுவாசம் என்பார்கள். தடை அறிவித்த மறுநாள், லிவர்பூல் ஆட்டக்காரர்களே சுவாரெசின் படம் போட்ட சட்டையை அணிந்து திடலில் பயிற்சிக்கு இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜேமி காராகர், எவ்ராவிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டது 2019-இல். எட்டு வருஷம் பிடித்தது.

நம்மிடம் இந்த விசுவாசத்துக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: செஞ்சோற்றுக் கடன். 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தைத் தோட்டத்துத் திரையில் பார்த்து அழாத தாத்தா பாட்டி உண்டா? துரியோதனன் செய்வது தப்பென்று கர்ணனுக்குத் தெரியும். ஆனாலும் ஊரே தள்ளி வைத்தபோது சோறும் நாடும் கொடுத்தவன் அவன். அதனால் உயிரைக் கொடுத்துக் கடனை அடைக்கிறான். ராமாயணத்தில் இன்னும் இரண்டு பேர். விபீஷணன் அண்ணனைவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறான். கும்பகர்ணன் அண்ணன் முகத்துக்கு நேரே 'நீ செய்தது தப்பு' என்று சொல்லிவிட்டு, அவனுக்காகவே போய்ச் சாகிறான். கம்பனைப் படித்தவர்களுக்குக் கும்பகர்ணன்மேல் ஒரு தனிப் பிரியம் வருவதுண்டு. எனக்கும் உண்டு.

காற்பந்து ரசிகர்களை இந்த மூன்று பேரில் ஒருவராகப் பார்ப்பது சுலபம். கிளப் என்ன செய்தாலும் நியாயப்படுத்துபவன் கர்ணன். முதலாளி சரியில்லை என்று அணி மாறுபவன் விபீஷணன். திட்டிக்கொண்டே சீட்டு வாங்குபவன் கும்பகர்ணன். நானும் பல நாள் இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தக் கணக்கின் முதல் வரியிலேயே ஓர் உறுத்தல் இருக்கிறது. இந்த மூன்று பேரும் அரசன் போட்ட சோற்றைச் சாப்பிட்டவர்கள். ரசிகன் யாருடைய சோற்றைச் சாப்பிட்டான்?

சீட்டுக்குக் காசு கொடுப்பது அவன். சட்டைக்கு, ஆஸ்ட்ரோவுக்குக் கொடுப்பது அவன். அரசாங்கம் மாநில அணிக்கு ஒதுக்கும் பணமும் அவன் கட்டிய வரி. காசைவிடப் பெரியது, அவன் கொடுக்கும் நேரமும் தொண்டையும். சோறு போட்டது ரசிகன். சாப்பிட்டது முதலாளி. கடன் இருந்தால் அது அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வர வேண்டிய கடன். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால்தான் நாம் வெட்கப்பட வேண்டியவற்றுக்கெல்லாம் வக்காலத்து வாங்குகிறோம்.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புதிய ஏமாற்று இல்லை. "கம்பெனி சோறு போட்டது" என்று எங்கள் பாட்டி கடைசிவரை சொல்வார். விடியற்காலையில் பால்மரத்துக்குப் போய், மழையில் நனைந்து, பாம்புக்குப் பயந்து கம்பெனிக்குச் சோறு போட்டது அவர். தொரை பங்களாவும், லண்டனில் பங்குக்காரர்களின் லாபமும் அந்த வாளியிலிருந்து வந்தவை. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. நாட்டுக்குப் பெருமையான நாள் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். இருக்கட்டும். ஆனால் அன்று காலையில் மரம் வெட்டப் போனவர்கள் மறுநாள் காலையில் வேறொரு முதலாளியின் ஆட்களாக மாறியிருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யார்? பிறகு தோட்டங்கள் வீடமைப்புக்குப் போனபோதும் அப்படித்தான். நான்கு தலைமுறை ஆடிய பாடாங், வரைபடத்தில் வெறும் 'காலி நிலம்'.

3

முதலாளி ஊர்க்காரன் என்றால் நம் நாக்கு இன்னும் குழறும். வின்சென்ட் டான் 2010-இல் வேல்ஸின் கார்டிஃப் சிட்டியை எடுத்தபோது நமக்கெல்லாம் ஒரு சின்னப் பெருமை. நம்மாள் ஒருத்தர் வெள்ளைக்காரன் கிளப்பை வாங்கிட்டார் பார்! 2012-இல் அவர் கார்டிஃப்பின் நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றினார். சின்னத்திலிருந்த நீலப்பறவையைச் சிறியதாக்கிக் கீழே தள்ளிவிட்டு டிராகனைப் பெரிதாக வைத்தார். சிவப்பு அதிர்ஷ்டம், ஆசியச் சந்தையில் விலைபோகும் என்பது அவர் பக்கத்துக் காரணம். அந்தக் கிளப் நூறு வருஷத்துக்கும் மேலாக நீலம். சிவப்புச் சட்டையின் நெஞ்சில் விளம்பரமாக நம் நாட்டின் பெயர் வேறு.

நியாயமாகப் பார்த்தால் அவர் பணத்தைக் கொட்டினார். 2013-இல் கார்டிஃப் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றுப் பிரிமியர் லீக்குக்கு ஏறியது. பலர் வாயை மூடிக்கொண்டார்கள். 'சோறு போடறவர் சொல்றதைக் கேளு' என்ற அதே நியாயம்தான். அந்த டிசம்பரிலேயே பயிற்றுநர் மால்கி மக்காய் நீக்கப்பட்டார், 2014-இல் அணி கீழே இறங்கியது. எதிர்ப்பு நிற்கவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது.

ரசிகர்கள் வென்ற கதை என்று இதை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் நடுவில் 2014 ஆகஸ்டில் ஒன்று நடந்தது. மக்காயும் அவருடைய சகாவும் பரிமாறிக்கொண்ட கைபேசிக் குறுஞ்செய்திகள் வெளியே வந்தன. அவற்றில் டானைச் சீனன் என்று இழிவுபடுத்தும் சொல்லும் இருந்தது. மக்காய் வருத்தம் தெரிவித்தார். தனிப்பட்ட செய்திகள் என்பதால் இங்கிலாந்து காற்பந்துச் சங்கம் நடவடிக்கை எடுக்கவில்லை. அதுவரை பல ரசிகர்களுக்கு மக்காய் நல்லவர், டான் கெட்டவர். ஒரே நாளில் அந்தப் படம் கலங்கிப்போனது. முதலாளி செய்தது தப்பு என்பதற்காக அவன் இனத்தின்மேல் கைவைத்தால், அப்போது நீ கேட்பது நியாயமல்ல, வேறு எதற்கோ காத்துக்கொண்டிருந்த உன் வெறுப்புக்கு ஒரு சாக்கு. பல இனம் கலந்து வாழும் நமக்கு இதை இங்கிலாந்துக்காரன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அணி தோற்றால் ஆட்டக்காரனின் பெயரைவிட அவன் இனத்தின் பெயர் முதலில் வரும் உரையாடல்களை எல்லா மொழியிலும் கேட்டிருக்கிறோம்.

4

இதெல்லாம் வெளியூர்க் கதை. 2025-இல் நடந்தது நம் வீட்டுக்குள்.

ஜூன் 10-ஆம் தேதி புக்கிட் ஜாலில் திடலில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. இரண்டு கோல்களைப் போட்டவர்கள் புதிதாகக் குடியுரிமை பெற்று வந்தவர்கள். மகிழ்ச்சி மூன்றரை மாதம் இருந்தது. செப்டம்பர் 26-இல் ஃபிஃபா ஏழு ஆட்டக்காரர்களுக்குத் தலா 12 மாதத் தடையும் 2,000 சுவிஸ் ஃபிராங்கும், மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 ஃபிராங்கும் தண்டம் விதித்தது. போலி ஆவணம். அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பிறந்த தாத்தா பாட்டிகள், சமர்ப்பித்த காகிதத்தில் பினாங்கிலும் மலாக்காவிலும் ஜொகூரிலும் சரவாக்கிலும் பிறந்திருந்தார்கள். சங்கம் முதலில் இதை நிர்வாக ஊழியரின் தொழில்நுட்பத் தவறு என்றது. மறுபடியும் அந்த இயக்குபவரின் தவறு! நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் தண்டனையை உறுதி செய்தது.

இதைப் படித்தபோது என் அலுவலக நண்பர்களுக்கு வந்தது கோபம். எனக்கும் தெமியாங்கில் என்னைப் போன்ற பலருக்கும் வந்தது வேறொன்று, அதற்குச் சரியான பெயர் தெரியவில்லை. தாத்தா பிறந்த இடம் என்பது எங்கள் மக்களுக்கு வெறும் தகவல் இல்லை. தோட்டத்தில் பிறந்து, லயத்தில் மருத்துவச்சி கையில் விழுந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சிவப்பு அடையாள அட்டையோடு பதிவிலாகாவின் வாசலில் எத்தனை வருஷம் நின்றிருக்கிறார்கள்! மருத்துவச்சி செத்துப்போனாள், தோட்டமே இல்லை, கிராணி எழுதிய புத்தகம் கரையான் தின்றுவிட்டது, சாட்சிக்கு ஆளைக் கொண்டுவா என்றால் எங்கே போவது? உண்மையாகவே இந்த மண்ணில் பிறந்த தாத்தாவுக்குக் காகிதம் இல்லை. இந்த மண்ணை மிதிக்காத தாத்தாவுக்குக் காகிதம் இருந்தது.

அந்த ஏழு பேர்மேல் எனக்கு வன்மம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததா தெரியாததா என்பது அவர்களும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ள வேண்டியது. எனக்கு முக்கியம், அதன் பிறகு ரசிகர்களிடம் கேட்ட ஒரு வாதம். "எல்லா நாடும் இப்படித்தான் பண்ணுது. நம்ம டீம் ஜெயிச்சா சரிதானே? நாட்டுப்பற்று இல்லாதவன்தான் இதைக் கிளறுவான்." சுவாரெசுக்காகப் பேசிய அதே குரல். அப்போது கிளப், இப்போது தேசம். 4-0 இனிப்பாக இருந்தது, நானும் கத்தினேன், அந்த இரவை யாரும் திருப்பி வாங்க முடியாது. ஆனால் அந்த இனிப்புக்காக நான் ஒரு பொய்யைச் சுமக்க வேண்டுமென்றால், சிவப்பு அட்டையோடு நிற்கும் என் சித்தப்பா முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கும். என்னால் முடியாது.

அணியை நேசிப்பது ஒன்று, அணிக்காகப் பொய் சொல்வது இன்னொன்று. முதலாவது நம்மிடம் யாரும் கேட்காமலே பிறக்கிறது. இரண்டாவதை நம்மிடம் கேட்கிறார்கள், அதுவும் விசுவாசம் என்ற பெயரில். கேட்பவர்கள் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் நம் சோற்றைச் சாப்பிட்டவர்களாகவே இருக்கிறார்கள்.

5

சரி, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? சினிமா பிடிக்காவிட்டால் எழுந்து வருகிறோம், கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடை. இதை என்னிடம் கேட்ட நண்பர் நல்ல புத்திசாலி, இது லேசான கேள்வியும் இல்லை. தொடர்ந்து சீட்டு வாங்கும்வரை நம் கோபம் முதலாளிக்கு வெறும் சத்தம்தான். ஆனால் கிளப்பைக் கடையோடு ஒப்பிட முடியாது. கடைக்காரன் கடையை மூடினால் நான் இழப்பது ஒரு தட்டு ரொட்டி. அணி செத்தால் ஓர் ஊர் தன்னைச் சேர்த்துக் கட்டிவைத்திருந்த கயிற்றையே இழக்கிறது. 2025-26 பருவத்துக்கு முன்னால் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கிலிருந்து விலகின, கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஈப்போக்காரன் இனி சனிக்கிழமை எந்த 'அடுத்த கடை'க்குப் போவான்?

வேறு வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். விம்பிள்டன் கிளப்பை அதன் முதலாளிகள் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் 2002-இல் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கி அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

இதைச் சொன்னால் "அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல நடக்கும்" என்பார்கள். இல்லை, நம்மிடையே நடந்தது. 1950-களின் கடைசியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. 1960-இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுபவர்கள் தங்கள் கூலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வாளி தூக்கியவன் பங்குக்காரன் ஆனான். அந்தச் சங்கத்தின் பிற்காலத்தைப் பற்றி ஆயிரம் விவாதம் உண்டு, அது இருக்கட்டும். கேட்க வேண்டியவன் தான் என்று தோட்டத் தொழிலாளிக்கு ஒரு தடவை புரிந்தது, அதுதான் எனக்கு வேண்டியது.

நாளைக்கே நெகிரி செம்பிலானை ரசிகர்கள் வாங்கிவிடுவார்கள் என்று நான் கனவு காணவில்லை. வாங்காவிட்டாலும் சோறு போட்டவனுக்குரிய சில காரியங்களைச் செய்யலாம். சம்பளம் பாக்கி இருக்கிறதா என்று ஒவ்வொரு பருவமும் கூட்டாகக் கேட்கலாம், ஏனென்றால் சம்பளம் வராத இடத்துக்குத்தான் கேலோங் தரகன் முதலில் வருவான். நம் ஆட்டக்காரன் தப்பு செய்தால், எதிரணிக்காரன் செய்திருந்தால் என்ன சொல்வோமோ அதையே சொல்லலாம். முதலாளியைத் திட்டும்போது அவன் செய்ததைத் திட்டலாம், அவன் பிறந்ததை விட்டுவிடலாம். இதற்கெல்லாம் சட்டை மாற்ற வேண்டியதில்லை.

கர்ணன் கதையைக் கேட்டு இனியும் அழுவேன். ஆனால் அவன் கடன் அவனோடு போகட்டும். பாரோயில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்காருகிற எனக்கு அடைக்க வேண்டிய கடன் எதுவுமில்லை. கணக்குக் கேட்க வேண்டியதுதான் பாக்கி.